மோட்டார் மின்பழுதும் போதனாசிரியர் பயிற்சியும் – ஒரு வரலாற்று நோக்கு

மோட்டார் வாகனமொன்றின் முன்விளக்கு மங்கி எரிகின்றது. அதனைச் சீர்செய்யுமாறு இருவரிடம் விடுகின்றோம் என வைத்துக்கொள்வோம். ஒருவன் உயர்தர வகுப்பிற் பௌதிகவியல் பயின்ற மாணவன். ஓமின் விதியைப் பிழையற எழுதுவான். மின்சுற்றுப் படமும் வரைவான். ஆயினும் வாகனத்தின் முன்மூடியைத் திறந்ததும் எந்தக் கம்பியைத் தொடுவதென்று அறியாது நிற்பான். மற்றவன் கராஜ் ஒன்றில் நாலைந்து ஆண்டுகளாக வேலை பழகுபவன். விளக்கின் பின்புறத்தே கம்பி பூட்டியிருக்கும் ஆணியைக் கழற்றி, கறளைச் சுரண்டி, மீண்டும் பூட்டிவிடுவான். விளக்கு நன்றாக எரியும். ஏன் எரிந்தது என வினவினால், "எர்த் பிடிக்கவில்லை" என்பான். அதற்குமேற் சொல்ல அவனுக்கு எவரும் கற்பித்திலர்.

இவ்விருவரும் ஒரே ஊர்ப் பிள்ளைகளாய் இருக்கலாம். ஒரே பாடசாலையில் ஒரே வாங்கிலும் இருந்திருக்கலாம். ஒன்றாயிருக்கவேண்டிய அறிவு இவர்களிடையே இரண்டாய் வெட்டப்பட்டுக் கிடக்கின்றது. சொல்லத் தெரிந்தவனுக்குச் செய்யத் தெரியாது. செய்யத் தெரிந்தவனுக்குச் சொல்லத் தெரியாது. இரண்டையும் தன்னுள் இணைத்துப் பிறர்க்குக் கொடுக்கவேண்டியவன் போதனாசிரியன். அவனை உருவாக்கச் சமுதாயங்கள் எவ்வாறு முயன்றன, எங்கே தவறின என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

முதலில், மோட்டார் மின்பழுதை ஏனைய பழுதுகளோடு ஒன்றாக எண்ணுதல் தவறு. கொல்லன் பட்டறையில் மகன் தந்தையின் கையைப் பார்த்தே தொழில் கற்றான். இரும்பு சிவப்பதும், சம்மட்டி விழுவதும், கடையாணி தேய்வதும் கண்ணுக்குத் தெரிவன. மின்னோட்டமோ கண்ணுக்குத் தெரியாதது. நல்ல கம்பியும் உள்ளே அறுந்த கம்பியும் ஒரே தோற்றத்தன. எனவே, 'என்னைப் பார்த்துச் செய்' என்னும் பழைய குருகுலமுறை இங்கே பாதிவழியில் நின்றுவிடுகின்றது. பாஸ் என நாம் மரியாதையாக அழைக்கும் தலைமைத் தொழிலாளி ஓரிடத்தைத் தொட்டுப் பார்க்கின்றார். பின் வேறோர் இடத்தைத் தொடுகின்றார். அவ்விரு செயல்களுக்கும் இடையே அவருடைய மனத்தில் நிகழ்ந்ததைச் சீடன் காணமுடியாது. காணமுடியாத அதனைத்தான் கற்பிக்கவேண்டியுள்ளது.

தொடக்கத்தில் வாகனத்தில் மின்சாரம் செய்த வேலை சொற்பம். எரிபொருளைப் பற்றவைக்கும் ஒரு பொறி, அவ்வளவே. 1902இல் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் உயரழுத்த மக்னீற்றோவைக் கொண்டுவந்தது. 1912இல் அமெரிக்காவின் கடிலாக் வாகனம், சார்ள்ஸ் கெற்றரிங் அமைத்த மின்தொடக்கியோடு விற்பனைக்கு வந்தபின்னரே பற்றரி, டைனமோ, தொடக்கி, விளக்கு யாவும் ஒரே தொகுதியாய்ப் பிணைந்தன. கைப்பிடியைச் சுழற்றிக் கையை முறித்துக்கொண்ட காலம் அதனோடு முடியத் தொடங்கியது. வாகனத்தின் உலோக உடலையே மின்னோட்டம் திரும்பும் வழியாக்கும் முறையும் நிலைபெற்றது. இதனால் ஏறத்தாழப் பாதிக் கம்பி மிச்சம். செய்து விற்பவனுக்கு ஆதாயமான இந்த ஏற்பாடு, பத்தாண்டு கழித்து மழையிலும் உப்புக்காற்றிலும் கறள் பிடித்த இணைப்புகளோடு மல்லாடும் தொழிலாளிக்குத் தீராத தலையிடியாயிற்று என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

தொழிலைப் பட்டறையின் இரகசியத்திலிருந்து மீட்டு வகுப்பறைக்குக் கொண்டுவந்த முயற்சி இதனினும் முற்பட்டது. ருசியாவிற் பண்ணையடிமை முறை 1861இல் ஒழிக்கப்பட்டது. இருப்புப்பாதைகளும் ஆலைகளும் பெருகிய அக்காலத்தில், மொஸ்கோ ஏகாதிபத்தியத் தொழினுட்பப் பாடசாலையின் அதிபர் விக்ரர் டெல்லா வோஸ் 1868இல் ஒரு புதுமுறையைத் தொடக்கினார். பயிலுங்கூடத்தை உற்பத்திக்கூடத்திலிருந்து பிரித்தார். ஒரு தொழிலை அதன் அடிப்படைச் செயல்களாகப் பகுத்து, எளியதிலிருந்து அரியதுக்குச் செல்லும் வரிசையில் அமைத்தார். ஓர் ஆசிரியர் பல மாணவருக்கு ஒரேநேரத்திற் கற்பிக்கலாம் என்பது அப்போதுதான் நிலைநாட்டப்பட்டது. 1876இல் பிலடெல்பியாக் கண்காட்சியில் இம்முறையைக் கண்ட அமெரிக்கக் கல்விமான் ஜோன் றங்கிள், மசாச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் அதனைப் பின்பற்றினார். டெல்லா வோஸின் பணியை நாம் பெரிதும் மதிக்கின்றோம். ஆயினும் அவர் பகுத்தது ஆக்குந் தொழிலை. பழுது காணும் தொழிலையன்று. அராவுதலையும் கடைதலையும் வரிசைப்படுத்தலாம். எங்கே பிழையென்று தெரியாத ஒன்றை எவ்வாறு வரிசைப்படுத்துவது?

இக்கேள்வி நெடுங்காலம் எழவேயில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1917இல் இயற்றப்பட்ட ஸ்மித்–ஹியூஸ் சட்டம், தொழிற்கல்விக்கும் தொழிற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கும் மத்திய அரசின் பணத்தை ஒதுக்கியது. அதே போர்க்காலத்திற் கப்பற்றளங்களிற் போதனாசிரியர்களைப் பழக்கிய சார்ள்ஸ் அலன், மாணவனை ஆயத்தஞ்செய்தல், எடுத்துக்காட்டல், செய்வித்தல், சோதித்தல் என்னும் நான்கு படிகளை வகுத்தார். இரண்டாம் உலகப் போரில் இதே வழி இன்னுஞ் சுருக்கப்பட்டு, ஆலைகளின் மேற்பார்வையாளர்க்குப் பத்துமணிநேரப் பயிற்சியாய் வழங்கப்பட்டது. 1940க்கும் 1945க்கும் இடையில் அத்திட்டத்தின்கீழ்ச் சான்றிதழ் பெற்றோர் தொகை 15 இலட்சத்துக்கு மேற்பட்டது. குண்டும் கப்பலும் விரைவாகச் செய்யவேண்டியிருந்த அக்காலத்தில் இது பயன்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் உள்ளே உறையும் கருத்து யாது? வேலைக்கு ஒரே சிறந்த வழி உண்டு. அது முதலாளியின் பொறியியலாளனுக்குத் தெரியும். தொழிலாளி அதனைப் பிசகின்றிப் பின்பற்றினாற் போதும். சிந்திப்பவன் ஒருவன், செய்பவன் வேறொருவன் என்னும் பழைய பிரிவினையே போதனாமுறையின் உருவில் மீண்டும் வந்து நின்றது.

பழுது காண்பவனைச் சிந்தியாதிருக்கும்படி ஆணையிட எந்த முதலாளியாலும் முடியாது. இதனை முதலில் உணர்ந்தோர் கல்விமான்களல்லர், படையினரே. போர் விமானங்களிலும் ராடர் கருவிகளிலும் மின்னணு உறுப்புகள் மலிந்தபோது, அவற்றைத் திருத்துவோர் போதாமை பெரிய இடராயிற்று. அமெரிக்க விமானப்படைக்காக ஆய்வு நிகழ்த்திய மில்லர், ஃபோலி, ஸ்மித் என்னும் மூவர் 1953இல் பழுது காணும் ஒழுங்குமுறை ஒன்றை எழுதினர். பாதியாகப் பிளத்தல் என அதனைக் கூறலாம். பற்றரியிலிருந்து விளக்குவரை 16 இணைப்புகள் உள்ள ஒரு தொடரில் ஓரிடம் அறுந்துள்ளது எனக் கொள்வோம். ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்தால் 15 தடவைகூடச் சோதிக்க நேரலாம். நடுவிலே சோதித்தாலோ, அவ்விடத்துக்கு மின்சாரம் வந்திருப்பின் முதற்பாதி நல்லது. வராவிடின் பிழை முதற்பாதியிலேதான். 16 எட்டாகும், எட்டு நாலாகும், நாலு இரண்டாகும். நான்கே சோதனைகளிற் பிழை அகப்படும். மாணவன் மனப்பாடஞ் செய்யவேண்டியது எதுவுமில்லை. ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் 'இதிலிருந்து நான் எதனை அறியப்போகின்றேன்' என்று தன்னைத் தானே வினவினாற் போதும்.

இத்தோடு கதை முடியவில்லை. 1974இல் டென்மார்க்கின் ரிசோ ஆய்வுநிலையத்தில் ராஸ்முசன், ஜென்சன் என்னும் இருவர், மின்னணுக் கருவிகளைத் திருத்தும் தொழிலாளர்களை வேலை செய்யும்போதே தம் எண்ணங்களை வாய்விட்டுச் சொல்லுமாறு கேட்டுப் பதிவு செய்தனர். அவர்கள் பாதியாகப் பிளக்கவில்லை. சிறிய, எளிய, விரைவான சோதனைகள் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தனர். ஏட்டறிவாளர் பார்வையில் அது வீண் வேலை. தொழிலாளி நிலையினின்று நோக்கினாலோ அது நியாயமான வழி. மிகுதியாக யோசித்து ஒரு சோதனையை மிச்சப்படுத்துவதினும், தெரிந்த சோதனை பத்தைச் சடுதியிற் செய்வது அவர்க்கு இலகுவாயிருந்தது. கராஜ்காரன் முதலிற் பியூஸைப் பார்ப்பதும் இதனாலேதான். அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கின்றது. அடிக்கடி போவதும் அதுவே. பாதியாகப் பிளக்கும் முறை எல்லா இணைப்பும் ஒரேயளவிற் பழுதுபடும், ஒரேயளவில் எட்டும் எனக் கொள்கின்றது. உண்மை வாகனத்தில் அவ்வாறில்லை. ஆதலின், நல்ல போதனாசிரியன் 1953இன் நூலறிவையும் தொழிலாளியின் கையறிவையும் ஒன்றையொன்று திருத்தும்படி வைத்துக் கற்பிக்கவேண்டியவனாகின்றான். இதற்குத் தொழிலாளியிடமிருந்து கற்கும் பணிவு ஆசிரியனுக்கு வேண்டும். நமது பயிற்சிக் கலாசாலைகள் இப்பணிவை ஒரு பாடமாகக் கொண்டதாக நாமறியோம்.

மங்கிய விளக்குக்கு வருவோம். 12 உவோற்றில் 60 உவாற்று விளக்கு 5 அம்பியர் மின்னோட்டம் கொள்ளும். அதன் தடை 2.4 ஓம். திரும்பும் வழியிலுள்ள கறள் 0.4 ஓம் தடையைக் கூட்டிவிட்டது என்க. இழையின் தடை மாறாதெனக் கொண்டால், மின்னோட்டம் ஏறத்தாழ 4.3 அம்பியராகக் குறையும். விளக்குக்குக் கிடைப்பது 10.3 உவோற்று, எஞ்சிய 1.7 உவோற்று கறளிலே வீணாகின்றது. 60 உவாற்று ஏறக்குறைய 44 ஆகும். ஒளி அதனினும் அதிகமாய்க் குன்றும். உவோற்றுமானியின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனையிலும் மறுமுனையை விளக்கின் உலோகப் பகுதியிலும் வைத்து விளக்கை எரியவிட்டால் அந்த 1.7 தெரியும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இங்கேதான் பயிற்சி பெறாத ஆசிரியர் பலர் வழிதவறுகின்றனர். மின்னோட்டம் பாயாதபோது தடையினால் அழுத்தம் வீழ்வதில்லை என்பது ஓமின் விதியிலேயே உள்ளது. பரீட்சைக்காக அதனை நூறுமுறை எழுதியவர்க்கும் வாகனத்தின்முன் அது நினைவுக்கு வருவதில்லை. தொடக்கிக்குச் செல்லும் தடித்த கம்பியில் ஓர் இழை மட்டும் எஞ்சியிருப்பினும், ஓய்ந்திருக்கும்போது மானி 12 உவோற்றையே காட்டும். நூறு அம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டம் கேட்கும்போதே அதன் பொய் வெளிப்படும். இந்த உண்மையை அறியாதவரின் கையில் நல்ல பற்றரிகளும் நல்ல தொடக்கிகளும் மாற்றப்படுகின்றன; வாகனக்காரனின் பணமும் கரைகின்றது.

ஐரோப்பாவில் இத்துறையில் நெடிய மரபுடைய நாடு ஜேர்மனி. கைத்தொழில்களில் மைஸ்ரர் என்னும் தேர்ச்சிப்பட்டம் பெற்றவரே தொழில் பழகுநரைப் பயிற்றலாம் என 1908இலேயே அங்கே சட்டம் வந்தது. 1969இன் தொழிற்பயிற்சிச் சட்டமும், பயிற்றுவோரின் போதனைத் தகுதி பற்றிய 1972ஆம் ஆண்டு ஒழுங்குவிதியும், ஆலைகளிலும் கற்பிக்கும் திறமையைத் தொழிற்றிறமையினின்று வேறாகச் சோதிக்கச் செய்தன. அம்மரபின் ஒரு கிளை நம் நாட்டுக்கும் வந்தது.

இலங்கையில் மருதானைத் தொழினுட்பக் கல்லூரி 1893இல் தோன்றியது. 1945இன் இலவசக் கல்வி ஏழைப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் வாயிலைத் திறந்தது. கராஜின் வாயிலில் நின்ற பிள்ளைகளை அது தொடவில்லை. 1958 ஜனவரி 1ஆந் திகதி பஸ் போக்குவரத்து தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தபோதே, ஆயிரக்கணக்கான பஸ்களைப் பேணும் தொழிலாளரைப் பயிற்றும் பொறுப்பு அரசின் தோளில் விழுந்தது. மறு ஆண்டிலேயே, 1959இல், ஜேர்மன் சமஷ்டிக் குடியரசின் உதவியோடு வெரஹரவில் இலங்கை–ஜேர்மன் தொழினுட்பப் பயிற்சிப் பாடசாலை அமைந்தது. பின்னர் அது மொறட்டுவைக்கு இடம்பெயர்ந்தது. 1960இல் கனடாவின் உதவியோடு கட்டுபெத்தையிற் செய்முறைத் தொழினுட்ப நிறுவகம் எழுந்தது. பொதுவுடைமையான போக்குவரத்து இல்லாதிருப்பின் வெரஹரப் பாடசாலை அக்காலத்தில் தோன்றியிராது என்பது நம் எண்ணம். தனியார் பஸ் முதலாளிக்குத் தொழிலாளியைப் பயிற்றுவது செலவு. நாட்டுக்கு அது முதலீடு.

நல்ல கூடங்கள் இருந்தன. ஆயின் அவை ஆண்டுதோறும் ஏற்ற பிள்ளைகள் சிலரே. பாடசாலை தோறும் தொழிலறிவைக் கொண்டுசெல்லும் பெருமுயற்சி 1972இல் வந்தது. முந்திய ஆண்டு ஏப்ரிற் கிளர்ச்சியிற் படித்த இளைஞர் ஆயிரக்கணக்கில் மாண்டிருந்தனர். புதிய பாடவிதானம், இடைநிலை வகுப்புகளில் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கட்டாயமாக்கியது. அவ்வவ்வூர்த் தொழிலைப் பிள்ளைகள் ஆய்ந்து கற்கவேண்டும் என்பது அதன் உயரிய நோக்கம். கற்பிக்கவேண்டியிருந்தவரோ அத்தொழில்களைத் தொட்டறியாத ஆசிரியர். தொழிலறிந்தோர் வகுப்பறைக்கு அழைக்கப்படுவது அரிதாயிருந்தது. அவர்களிடம் சான்றிதழ் இல்லை. பெற்றோரும், தம் பிள்ளைகளை மீண்டும் மண்வெட்டிக்கும் சுத்தியலுக்கும் அனுப்பும் சூழ்ச்சி இதுவென ஐயுற்றனர். சாதியும் தொழிலும் ஒன்றோடொன்று பின்னிய நம் சமூகத்தில் அந்த ஐயத்தை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. 1977இல் ஆட்சி மாறியபின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

எந்தப் பாடவிதானத்திலும் இடம்பெறாத ஒரு பாடசாலையைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையினாற் பெற்றோலும் பற்றரிகளும் வரவில்லை. 1995 வரையிலான அவ்வாண்டுகளில் வீடு தோறும் சைக்கிளை நிமிர்த்தி நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலிற் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் இல்லாத இடத்தில், பிழை எங்கேயென்று திட்டமாகத் தெரியாமல் எதனையும் மாற்றிப் பார்க்கமுடியாது, மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. எரிந்த சுருளைக் கையாற் சுற்றினர். ஒரு வாகனத்தின் உறுப்பை வேறொன்றுக்குப் பொருத்தினர். பழுது காணும் கலையில் உலகில் எந்தப் பயிற்சிக்கூடமும் கொடுத்திராத கடுமையான பயிற்சி அது. அந்தத் தொழிலாளர் பலர் பின்னர் இடம்பெயர்ந்தும் புலம்பெயர்ந்தும் சென்றனர். அவர்களின் சிந்தனைமுறையைக் கேட்டெழுதி வைக்கும் பணியை, டென்மார்க்கில் இருவர் செய்ததுபோல, நம்மவர் மேற்கொண்டிருப்பின் தமிழில் அரியதொரு போதனாநூல் கிடைத்திருக்கும்.

நூல் என்றதும் மொழிப் பிரச்சினை முன்வருகின்றது. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் நமக்கு நற்சொற்கள் பலவற்றைத் தந்தன. வகுப்பறையில் ஆளி, உருகி, மின்கலவடுக்கு என்கின்றோம். கராஜிற் சுவிச், பியூஸ், பற்றரி என்கின்றனர். தமிழ் பயின்ற நாம் முன்னையவற்றை விரும்புவது இயல்பே. எனினும் ஆளி என்றதும் சுவிச்சைத் தொடத் தெரியாத மாணவனும், சுவிச்சைத் திருத்தியும் ஆளி என்னும் சொல்லைப் பரீட்சைத் தாளிற் கண்டு திகைக்கும் மாணவனும் நம் கண்முன் இருக்கின்றனர். இரு சொற்களையும் அருகருகே வைத்து வழங்குவதே போதனாசிரியர்க்குத் தக்கது. கராஜ்ச் சொல்லை இழிசொல்லாக்கினால், அதனைப் பேசுபவனின் அறிவையும் இழிவாக்கியவராவோம்.

வாகனமும் மாறியது. 1960இல் கிறைஸ்லரின் வலியன்ற் கார் டைனமோவுக்குப் பதிலாக ஆடலோட்டப் பிறப்பாக்கியோடு வந்தது. 1980களிற் கணிப்பொறி வாகனத்துட் புகுந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் பொதுவான தற்சோதனைக் குறியீடுகளைக் காட்டவேண்டுமெனச் சட்டம் வந்தது. இனிச் சிந்திக்க வேண்டியதில்லை, கருவியே பழுதைச் சொல்லிவிடும் எனப் பலர் நம்பினர். 'பீ 0562' என்னும் குறியீடு, தொகுதியின் அழுத்தம் குறைந்துள்ளது என்று மட்டுமே கூறும். பற்றரியா, பிறப்பாக்கியா, அதனைச் சுழற்றும் பட்டியா, அல்லது நாம் முன்னே கண்ட அதே கறளா என்று அது கூறாது. கருவியின் சொல்லை நம்பிப் பிறப்பாக்கியை மாற்றுபவனுக்கும், பாஸின் சொல்லை நம்பி மாற்றிய பழைய சீடனுக்கும் வேறுபாடு என்ன? மேலும், அக்கருவிகளும் சுற்றுப்படங்களும் இப்போது உற்பத்தி நிறுவனங்களின் கையில். திருத்துவோர்க்கு அத்தகவல்களைக் கொடுக்கவேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் விதித்தது. மசாச்சூசெற்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து அவ்வுரிமையைச் சட்டமாக்கினர். பட்டறை இரகசியத்தை டெல்லா வோஸ் உடைத்து நூற்றைம்பது ஆண்டாகியும், அது வேறுருவில் மீண்டுவருவதை இப்போராட்டங்கள் காட்டுகின்றன.

நம் நாட்டில் 2008ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தால் தொழினுட்பப் போதனாசிரியரையும் உருவாக்கும் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் அமைந்தது. 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கியது. 2016இல் கிளிநொச்சியில் ஜேர்மன் உதவியோடு ஒரு பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி ஏறக்குறைய ஐந்தாண்டு நிறுத்தப்பட்டிருந்தமையால், இங்கே ஓடும் வாகனங்கள் முதுமையடைந்துள்ளன. அவற்றுட் கணிசமானவை பெற்றோலும் மின்சாரமும் கலந்து ஓடுவன. அவற்றின் பெரிய பற்றரி 200 உவோற்றை அளாவுவது. தொட்டுப் பார்த்துப் பழகுவதற்கு அங்கே இடமில்லை. கையுறை அணிதல், மின்தொடர்பைத் துண்டிக்கும் செருகியைக் கழற்றுதல், கொள்ளளவிகள் வெறுமையாகும்வரை சில நிமிடங்கள் காத்திருத்தல், அழுத்தமில்லை என மானியால் உறுதிசெய்தல், அதன்பின்னரே செம்மஞ்சள் உறையிட்ட கம்பியை நெருங்குதல் எனும் வரிசை ஒருபடியேனும் பிசகலாகாது. இவ்வளவுக்கு, நாம் முன்னே கடிந்த நான்குபடி முறையே தகுந்தது; பார்த்தபடி செய்யவேண்டும், தன் யோசனை கூடாது. கம்பியை அடைந்தபின் மறுபடியும் யோசனைதான் வேண்டும். எந்த இடத்தில் மாணவனைக் கைபிடித்து நடத்துவது, எந்த இடத்தில் விடை தெரிந்தும் வாய்மூடி அவனை அவன் வழியிலே தேடவிடுவது என்பதைப் போதனாசிரியன் பயிற்சிக்காலத்திலேயே பழகவேண்டும். ஒரு பழைய பற்றரியும், சில கம்பிகளும், வேண்டுமென்றே பழுது ஒளித்துவைத்த ஒரு பலகையும், முன்னே நிற்கும் நாலு மாணவரும் இருந்தால் அதனைப் பழக்கலாம்.